பாலத்துக் கூரையும் எண்ணெய்த் தடங்களும்

பாலத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் முழுசாக ஏறவில்லை. மரப்பலகைகள் ஈரமாக இருந்தன. சோப்புத் தூள் வாசம் மூக்கைத் துளைத்தது. இரண்டு பக்கத்து பெஞ்சுகளும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று கிடந்தன. வழக்கமாக உத்தரத்தில் தொங்குகிற துண்டு, சாப்பாட்டுப் பை, முகம் பார்க்கும் கண்ணாடி எதையும் காணோம். கைப்பிடியில் ஒரு மைனா மட்டும் உட்கார்ந்திருந்தது.

என் பக்கத்தில் இன்ஜினியர் காலித் நின்றார். பூங்காக்களைக் கவனிக்கும் அரசுப் பிரிவில் பொறுப்பில் இருப்பவர், இந்த ஊர்க்காரர். வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைத்துணி, கையில் காகிதக் கோப்பையில் காபி. அவரிடம் ஒரு வாரமாக நான் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். "லீவு நாளில் வந்து பாருங்கள் சார், கால் வைக்க இடம் இருக்காது."

அவர் பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஃபி நஃபர்" என்றார். ஆளே இல்லையே என்று அர்த்தம்.

எனக்கு அந்த மைனாவின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

நிழல் கிடைத்த இடம்

ஷார்ஜா தொழில்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடல் ஊருக்குள் ஒரு ஓடையாக நுழையும். அதன் கரையில் சின்னதாக ஒரு பூங்கா. ஓடையின் குறுக்கே அந்தப் பாலம். எந்தக் காலத்தில் கட்டினார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கப்பலில் வந்த மலபார் தேக்கு என்பார்கள். இரண்டு பக்கமும் தூண்கள், மேலே பலகைக் கூரை, கூரைக்கு அடியில் ஈச்ச ஓலைப் பாய், தூணுக்குத் தூண் சாய்ந்து உட்கார நீள பெஞ்சு. நம் ஊர்க் கல்யாண மண்டபத்துத் தாழ்வாரத்தைத் தூக்கித் தண்ணீர் மேல் வைத்த மாதிரி இருக்கும்.

வளைகுடாவில் சம்பளம் கிடைத்துவிடும், சாப்பாடு கிடைத்துவிடும். நிழல்தான் கிடைக்காது. போன வாரம் நான் எழுதிய தொழிலாளர் கேம்ப் சமையல் கட்டுரையைப் படித்துவிட்டு சவுதியின் அல் கோபாரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். சமையலைப் பற்றி நாலு வார்த்தை பாராட்டிவிட்டு, அரை மணி நேரம் நிழலைப் பற்றியே பேசினார். அங்கே அவர்கள் கூடுவது ஒரு மேம்பாலத்துக்கு அடியிலாம். குவைத்தின் ஃபஹாஹீலில் இருந்த என் சித்தப்பா மகன் ஒருவன் லீவு நாளில் ஏ.டி.எம். கூண்டுக்குள் நின்று பெண்டாட்டியோடு பேசுவான். யாராவது பணம் எடுக்க வந்தால் வெளியே வந்து நின்றுவிட்டு, அவர்கள் போனதும் மறுபடி உள்ளே நுழைவான். அவன் பேச்சில் பாதி, "இரு, ஆளு வருது" என்பதுதான்.

எங்களுக்குக் கொடுப்பினை, ஒரு பாலமே கிடைத்தது.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு. இப்போது பல கேம்ப்களில் ஞாயிறு. கிழமை மாறினாலும் கூட்டம் மாறவில்லை. விடிந்ததும் குளித்து, தலையில் எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டு பாலத்துக்கு வந்துவிடுவார்கள். கிழக்குப் பக்கம் ராமநாதபுரம், சிவகங்கை. நடுவில் புதுக்கோட்டை. அந்தக் கோடியில் கடலூர்க்காரர்களும் நேபாளத்துப் பையன்களும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பரமக்குடிக்காரன் போய்க் கடலூர் பெஞ்சில் உட்கார மாட்டான்.

கேம்ப் அறையில் மூச்சு விட்டால்கூட எட்டுப் பேருக்குக் கேட்கும். வீட்டுக்குப் பேசுகிறவன் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேச வேண்டும். பாலத்தில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதால் யார் பேச்சும் யார் காதிலும் விழாது.

நானும் அங்கே பல வருஷம் உட்கார்ந்தவன்தான். சுரண்டும் போன் கார்டு காலம் அது. ஊரில் ஆஸ்பத்திரியில் என் மச்சான் போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தான். என் மகள் யாழினியின் முதல் அழுகையை நான் கேட்டது அந்தக் கூரைக்கு அடியில்தான். பக்கத்தில் இருந்த தங்கராசு என் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தானும் கேட்டான். பிறகு பெஞ்சு முழுக்க ஒரு சுற்று போய் வந்தது. போன் என் கைக்குத் திரும்புவதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அவனை அடிக்கத் துரத்தினேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

ஸ்டீல் வந்தது

பிறகு நான் சூப்பர்வைசராக உயர்ந்தேன், விசா மாறியது, மனைவி கலாவும் குழந்தையும் வந்தார்கள். கேம்பை விட்டு ஃபிளாட்டுக்குப் போனேன். தங்கராசு கேம்பிலேயே இருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் அவனுக்கு வீடு. மனைவி சரசு அங்கே. அவளோடு அவன் குடும்பம் நடத்தியதில் பெரும்பகுதி அந்த பெஞ்சில் நடந்ததுதான். கரண்ட் பில் கட்டியதா, மாடு ஈன்றதா, மூத்தவளுக்கு எங்கே வரன் பார்ப்பது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பாலத்தில் முடிவாகும்.

அந்தப் பூங்காவைச் சீரமைக்கும் வேலை எங்கள் கட்டுமானக் கம்பெனிக்கே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புது நடைபாதை, புது விளக்கு, குழந்தைகளுக்கு ஊஞ்சல் எல்லாம் இருந்தன. பழைய பாலத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதை எடுத்துவிட்டு ஸ்டீலில் கண்ணாடிக் கைப்பிடி வைத்த புதுப் பாலம். பெஞ்சும் ஸ்டீல். கூரை கிடையாது.

ஆகஸ்ட் மாதம் ஷார்ஜாவில் ஸ்டீல் பெஞ்சில் உட்கார்வதும் தோசைக்கல்லில் உட்கார்வதும் ஒன்றுதான். படம் வரைந்த புண்ணியவான் ஆகஸ்ட்டில் ஏ.சி.யை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்.

எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "போட்ட கோடுபடி வேலையைச் செய், மூக்கை நுழைக்காதே" என்றார். நான் மூக்கை நுழைத்தேன். நேராகக் காலித்திடம் போனேன்.

அவர் இந்தியில் பேசுவார், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன், நடுவில் அரபி வந்து கலந்துகொள்ளும். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"சார், தூணின் அடிப்பாகம்தான் உப்புத் தண்ணீரில் அரித்திருக்கிறது. மேல் மரம் கெட்டியாக இருக்கிறது. அடியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டலாம். கூரையைப் பிரித்து மறுபடி வேயலாம்."

"முடியும்தான்" என்றார். "எதற்காகச் செய்ய வேண்டும்?"

"பழைய பாலம் சார்."

"எனக்குத் தெரியாதா? அந்தப் பாலத்தில்தான் நான் சைக்கிள் பழகினேன். தண்ணீரில் விழுந்த என்னை என் அண்ணன் தூக்கினான். நான் விழுந்த இடம் என்பதற்காக ஒரு பாலத்தை வைத்துக்கொள்ள முடியுமா? யாராவது அதைப் பயன்படுத்த வேண்டும். வேலை நாளில் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை."

"வேலை நாளில் எல்லாரும் சைட்டில் இருப்பார்கள் சார். லீவு நாளில் வந்து பாருங்கள்."

ஞாயிறு அவருக்கும் லீவுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வருகிறேன்" என்றார்.

தங்கராசு பார்த்துக்கொண்டான்

அன்று சாயங்காலமே தங்கராசுவுக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கெழம காலைல பெரிய இன்ஜினியர் பாலத்தப் பாக்க வர்றாரு. எப்பவும் போல எல்லாரும் இருங்க. கூட்டம் இருந்தாத்தான் கூரை நிக்கும். புரியுதா?"

"நல்லாப் புரியுது மாப்ள. நீ கவலப்படாத. நான் பாத்துக்கிறேன்."

அவன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோதே நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

கேம்பில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இன்ஸ்பெக்ஷன் என்று காதில் விழுந்தால் போதும், கை கால்கள் தானாக வேலை செய்யும். ஒருவன் அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். ஒருவன் கொடிக்கயிற்றை அவிழ்ப்பான். ஒருவன் தரையைக் கழுவுவான். அறைக்கு அனுமதித்த கணக்குக்கு மேல் இருக்கும் ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு காலாற நடக்கக் கிளம்பிவிடுவார்கள். வந்தவர் போன பிறகு எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். பெரிய ஆள் வந்தால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், நாம் அங்கே இருக்கக் கூடாது. ஒருவரும் கற்றுத்தராமலே எங்களுக்கு ஊறிப்போன பாடம் இது.

நான் எப்பவும் போல இருங்க என்று சொன்னதைத் தங்கராசு காதில் வாங்கிக்கொண்டது உண்மை. பின்னால் அவனே ஒத்துக்கொண்டான். கேம்புக்குப் போய்ப் பத்துப் பேரோடு பேசியதும் பேச்சு திசை மாறிவிட்டது. "அவுக வர்ற நேரத்துல நாம படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நம்மளப் பாத்தாத்தான் மூடிருவாக. எடம் சுத்தமா இருக்கறதப் பாத்தா, நல்லா வச்சிருக்காங்கய்யான்னு விட்டுருவாக." எல்லாரும் தலையை ஆட்டியிருக்கிறார்கள். வாளி, துடைப்பம், சோப்புத் தூள் என்று ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு ஞாயிறு விடியற்காலையிலேயே பாலத்துக்குப் போய்விட்டார்கள்.

பாலத்தைக் காப்பாற்ற அவர்கள் செய்த காரியத்தில்தான் பாலம் போகப் பார்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கம்

காலித் பாலத்தின் மேல் மெதுவாக நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தங்கராசுவை மனசுக்குள் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

நடுவில் ஒரு தூணுக்கு முன்னால் நின்றார். "இது என்ன?" என்று கேட்டார்.

தூணில், உட்கார்ந்தவன் தலை சாயும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த வட்டம். அடுத்த தூணிலும் இருந்தது. அதற்கடுத்த தூணிலும். வரிசையாக அந்தக் கோடிவரை இருந்தது. நானும் எத்தனையோ வருஷம் பார்த்ததுதான். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை.

"எண்ணெய் சார்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காய் எண்ணெய். தலையில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்வார்கள். பல வருஷமாக."

அவர் விரலை வைத்துத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி தூண் வரிசையை ஒரு தடவை பார்த்தார். அப்போதுதான் அவர் கண் பூங்காவின் கம்பி வேலிக்குப் போனது.

வேலிக்கு வெளியே ரோட்டோரம் பெரிய கூட்டம். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. ஒருவன் கையில் மடக்கு ஸ்டூல், முடிவெட்டும் பெட்டி. ஒருவன் சாப்பாட்டுப் பைகளைக் கட்டாகப் பிடித்திருந்தான். சிலர் கையில் வாளி. எல்லாரும் ஏறுகிற வெயிலுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு பாலத்தையே பார்த்து நின்றார்கள்.

"அவர்கள் யார்? ஏன் வெயிலில் நிற்கிறார்கள்?"

நான் தங்கராசுவுக்குப் போன் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது இங்கேயே கேட்டது.

"என்ன மாப்ள, போயிட்டாகளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எடம் எப்டி இருக்கு? பளபளன்னு இருக்குல்ல? தூண்ல அந்த எண்ணெக் கறைதான் எம்புட்டுத் தேச்சும் போகல. கோவிச்சுக்காதன்னு சொல்லு."

"அங்க ஏண்டா நிக்கிறீங்க?"

"அவுக போனதும் வருவம்ல."

காலித் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்கிறான்?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "நீங்கள் போய்விட்டீர்களா என்று கேட்கிறான் சார். நீங்கள் போனதும் வந்து உட்காரலாம் என்று காத்திருக்கிறார்கள். இது அவர்கள் இடம். உங்களுக்காகக் கழுவி வைத்துவிட்டு வெளியே நிற்கிறார்கள்."

அவர் வேலிப் பக்கம் இரண்டு எட்டு நடந்தார். பிறகு கையை உயர்த்தி, "யல்லா, தாலு" என்று உரக்கக் கூப்பிட்டார். வாங்க என்கிற அந்த அரபி வார்த்தை எல்லாருக்கும் புரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்கள். கழுவிய பலகை என்பதால் பாலத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள்.

ஏறினார்களே தவிர, உட்காரவில்லை. இரண்டு பக்கமும் பெஞ்சுகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலித் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். சிரித்தார்கள், நின்றார்கள். "பைட்டோ பாய்" என்று இந்தியில் சொல்லிப் பார்த்தார். தங்கராசு, "பரவாயில்ல ஸாப்" என்று பாதித் தமிழில் சொல்லிவிட்டு இன்னும் நேராக நின்றான்.

காலித் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் இருக்கும்வரை இவர்கள் உட்கார மாட்டார்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மீதிக் காபியோடு விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார்.

பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கராசு என் பக்கத்தில் வந்து, "நல்லபடியாத்தானே மாப்ள முடிஞ்சுச்சு?" என்றான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். அவன் உள்ளங்கை இரண்டும் சோப்புத் தூளில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. எனக்குத் திட்ட மனசு வரவில்லை. "சரசுக்கு போன் போடு, மணி பத்தாச்சு" என்றேன்.

தொடக் கூடாத பகுதி

அதன் பிறகு பல நாள் பதில் இல்லை. மேனேஜர் ஸ்டீல் கம்பெனியோடு பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கலா, "ஒரு பாலம் போச்சுன்னா ஊரே போயிருமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "அந்தப் பாலத்துல இருந்துதான் என்னோட சண்டையெல்லாம் போட்டீங்க, இல்ல?" என்றாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை என்று தெரிந்தது.

ஒரு மத்தியானம் சைட்டில் இருந்தபோது காலித் போன் செய்தார். சலாம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தூணின் அடியை வெட்டிப் புது மரம் ஒட்டு. கூரைப் பலகையில் கெட்டதை மாற்று. புதுப் பாய் வேய். கைப்பிடி, தரை, எல்லா மரத்தையும் இழைத்து எண்ணெய் பூசு."

"சரி சார்."

"தூண்களில் பெஞ்சிலிருந்து தலை உயரம் வரை இழைப்புளி படக் கூடாது. அந்த வட்டங்கள் அப்படியே இருக்க வேண்டும். கலாஸ், அவ்வளவுதான்." வைத்துவிட்டார்.

நான் சைட்டிலேயே ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னமோ சொந்த வீட்டுக்குப் பட்டா கிடைத்த மாதிரி இருந்தது. தங்கராசுவுக்குச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான். "எல்லாத்தையும் புதுசாக்குறாக, அந்தக் கறைய மட்டும் ஏன் மாப்ள விட்டுட்டாக? அசிங்கமா இருக்காது?"

குளிர் காலம் முழுக்க வேலை நடந்தது. கூரையைப் பிரித்தபோது உத்தரங்களுக்கு மேலே என்னென்னவோ கிடைத்தன. சீப்புகள், ஒரு வேளாங்கண்ணி படம், சுரண்டிய போன் கார்டுகள், பாதி தேய்ந்த விபூதிப் பொட்டலம். அந்தக் கார்டுகளில் ஒன்று யாழினியின் அழுகையைத் தின்ற கார்டாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அள்ளிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். கலா அதைக் குப்பையில் போடாமல் அலமாரியில் வைத்தாள்.

அதிகாரிகள் வந்து பூங்காவைத் திறந்து வைத்தது ஒரு வேலை நாளில். எங்கள் ஆட்கள் எல்லாரும் சைட்டில் இருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறுதான் எங்களுக்குத் திறப்பு விழா.

யாழினியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, நாலு வார்த்தை பேசினால் மூன்று இங்கிலீஷ். தூண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து, "அப்பா, இதுல எது உங்களோடது?" என்று கேட்டாள். கிழக்குப் பக்கம் ஒன்றைக் காட்டினேன். தங்கராசு, "பொய் சொல்றாரு பாப்பா, அது என்னோடது" என்று சாய்ந்த இடத்திலிருந்தே சொன்னான். அன்றைக்கு அவன் தலையில் எண்ணெய் வழிந்தது. ஒரு காதில் சரசு பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பாலத்தின் வாசலில் காலித் தெரிந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். நான் பதறிப்போய் பெஞ்சுகளைப் பார்த்தேன். யாராவது துண்டை உதறிக்கொண்டு கிளம்பப்போகிறார்கள், வாளி தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

முடிவெட்டுகிறவனின் கத்தரி கொஞ்சம் நின்றது, பிறகு ஓடியது. கடலூர்க்காரர்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

காலித் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார். கிழக்குப் பக்கம் பெஞ்சு நிறைந்திருந்தது. தங்கராசு போனில், "இரு சரசு, ஆளு வருது" என்றான். உட்கார்ந்தபடியே நகர்ந்து, பெஞ்சில் தட்டி, "பைட்டோ ஸாப்" என்று தன் இடத்தைக் காட்டினான். அதோடு சரசுவிடம் திரும்பிவிட்டான்.

காலித் அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஓடையைப் பார்த்தார். மெல்லத் தலையைப் பின்னால் தூணில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே வெகுநேரம் இருந்தார்.

கிளம்பும்போது எல்லாருக்கும் கை உயர்த்திச் சலாம் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு புது நடைபாதையில் போனார். அவருடைய வெள்ளைத் தலைத்துணியின் பின்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய் வட்டம் பளபளத்துக்கொண்டே போனது.

தங்கராசு பார்த்துவிட்டான். "மாப்ள, கூப்ட்டுச் சொல்லிருவமா?"

"வேண்டாம்டா" என்றேன். "இருக்கட்டும்."